பச்சை மீன்னு பயமா? சுஷி கடைக்கு முதல்முறை போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

சுஷி என்றதும் நம்மில் பலருக்கு மனதில் வருவது மூணு பயம். ஒண்ணு, பச்சை மீன். ரெண்டு, பெரிய பில். மூணு, குச்சியைப் பிடிக்கத் தெரியாமல் நாலு பேர் முன்னாடி முழிக்கிறது.

2024-ல் ஜப்பானுக்குச் சென்ற வெளிநாட்டுப் பயணிகள் 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேல். இந்தியாவில் இருந்து போனவர்கள் எண்ணிக்கை மட்டும் 2 லட்சத்தைத் தாண்டியது. போனவர்களில் பாதிப் பேராவது ஒரு சுஷி கடை வாசலில் நின்று "உள்ளே போகலாமா, வேண்டாமா" என்று யோசித்திருப்பார்கள்.

எந்தக் கடையில் தொடங்கலாம்? எதை ஆர்டர் பண்ணலாம்? பச்சை மீன் உண்மையிலேயே ஆபத்தா? சைவம் சாப்பிடுறவங்க என்ன பண்றது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுஷி என்றால் பச்சை மீன்தானா?

இல்லை. இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துடலாம்.

சுஷி என்றால் சோறு. வினிகர், உப்பு, சர்க்கரை கலந்து பிசிறிய சோறு. 'சுஷி' என்ற சொல்லே புளிப்பைக் குறிக்கும் பழைய ஜப்பானியச் சொல்லில் இருந்து வந்தது. நம்ம ஊரில் புளியோதரைக்குப் புளியை வைத்துப் பெயர் வந்த மாதிரிதான். அந்தச் சோற்றோடு மேலே எது வந்தாலும் அது சுஷிதான். பச்சை மீன் வரலாம், வேகவைத்த இறால் வரலாம், சுட்ட விலாங்கு மீன் வரலாம், முட்டை வரலாம், வெறும் வெள்ளரிக்காய் கூட வரலாம்.

சோறே இல்லாமல் பச்சை மீனை மட்டும் துண்டு போட்டுக் கொடுத்தால் அதற்குப் பெயர் சஷிமி. மெனுவில் இந்த ரெண்டும் தனித்தனியாக இருக்கும்.

அடிக்கடி கண்ணில் படும் வகைகள் இவைதான்:

நிகிரி: கையால் பிடித்த சின்ன சோற்று உருண்டை, மேலே ஒரு துண்டு மீன்.

மகி: கடல்பாசித் தாளில் சோறும் உள்ளே ஒரு பொருளும் வைத்துச் சுருட்டி, துண்டு போட்டது.

குன்கன்: சோற்றைச் சுற்றி கடல்பாசித் தாளை வேலி மாதிரி கட்டி, மேலே மீன் முட்டை போன்ற உதிரிப் பொருட்களை வைப்பது.

இனாரி: இனிப்பும் உப்புமாக வேகவைத்த டோஃபு பைக்குள் சோறு.

சிராஷி: கிண்ணத்தில் சோறு, மேலே பலவகை மீன், காய், முட்டை.

உலகம் முழுக்கப் பிரபலமான 'கலிஃபோர்னியா ரோல்' ஜப்பானில் பிறந்தது இல்லை. நண்டும் அவகாடோவும் வைத்து, சோறு வெளியே தெரியும்படி சுருட்டும் அந்த வகை வட அமெரிக்காவில் உருவானது. கடல்பாசித் தாளைப் பார்த்து முகம் சுளித்தவர்களுக்காக அதை உள்ளே மறைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

இது எங்கிருந்து வந்தது?

தொடக்கத்தில் சுஷி என்பது மீனைக் கெடாமல் வைக்கும் ஒரு வழி மட்டும்தான். உப்புப் போட்ட மீனை வெந்த சோற்றுக்குள் அடுக்கி மாதக்கணக்கில் புளிக்க விடுவார்கள். சோறு புளித்து அமிலமாகும். அந்த அமிலம் மீனைக் காக்கும். கடைசியில் மீனைச் சாப்பிட்டுவிட்டு சோற்றைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இந்த முறை தென்கிழக்கு ஆசியாவின் நெல் விளையும் பகுதிகளில் இருந்து ஜப்பானுக்குப் போனது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஜப்பானின் பீவா ஏரிப் பகுதியில் 'ஃபுனாசுஷி' என்ற பெயரில் இன்றும் இது செய்யப்படுகிறது. வாசனை நம்ம கருவாட்டையே தோற்கடிக்கும்.

காலம் போகப் போக மாதக்கணக்கில் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. சோற்றிலேயே வினிகரைக் கலந்துவிட்டார்கள். புளிப்பு உடனே கிடைத்துவிட்டது.

1820-களில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஹனாயா யோஹேய் என்பவர் கையால் பிடித்த நிகிரி சுஷியைப் பிரபலமாக்கினார் என்று சொல்வார்கள். அன்று அது தள்ளுவண்டிச் சாப்பாடு. வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே ரெண்டு வாய் போட்டுக்கொண்டு போவார்கள். ஒரு உருண்டை இன்றைக்கு இருப்பதைவிட ரெண்டு, மூணு மடங்கு பெரிசு.

1923-ல் டோக்கியோ பகுதியைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு, தொழில் இழந்த சுஷி சமையல்காரர்கள் பலர் சொந்த ஊர்களுக்குத் திரும்பினர். டோக்கியோ பாணி நிகிரி நாடு முழுக்கப் பரவ அதுவும் ஒரு காரணம்.

இதை ஏன் தெரிஞ்சுக்கணும்? ஆரம்பத்தில் இது சாமானியர்களின் அவசரச் சாப்பாடு. "நமக்கெல்லாம் செட் ஆகாத பணக்கார உணவு" என்று தயங்க வேண்டியதே இல்லை.

எந்த மாதிரி கடைக்குப் போகலாம்?

ஜப்பானில் சுஷி கடைகளைப் பொதுவாக மூணு படியாகப் பிரிக்கலாம். சுஷியை ருசிச்சுப் பழக நினைப்பவர்கள் கீழ்ப்படியில் இருந்து ஏறுவதுதான் நல்லது. நேராக மேல்படிக்குப் போனால் காசும் போகும், என்ன வித்தியாசம் என்றும் புரியாது.

முதல் படி: சுழலும் சுஷி

ஜப்பானிய மொழியில் 'கைதென் சுஷி'. ஒசாகா பகுதியில் சின்ன சுஷி கடை வைத்திருந்த ஷிராய்ஷி யோஷியாகி, பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பெல்ட்டில் நகர்வதைப் பார்த்து இந்த யோசனையைப் பிடித்தார். 1958-ல் ஹிகாஷி ஒசாகாவில் முதல் கடை திறந்தது. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் மக்கள் பார்த்த பிறகு நாடு முழுக்கப் பரவியது.

சுஷிரோ, குரா சுஷி, ஹமா சுஷி ஆகியவை இன்று பெரிய சங்கிலிக் கடைகள். மேசையிலேயே தொடுதிரை இருக்கும். பல கடைகளில் ஆங்கிலத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். படத்தைப் பார்த்து அழுத்தினால் தட்டு நேராக உங்கள் மேசைக்கே வந்து நிற்கும். ஒரு தட்டில் பெரும்பாலும் ரெண்டு துண்டு. சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை எண்ணி பில் போடுவார்கள். குரா சுஷியில் காலித் தட்டை மேசையில் உள்ள துளையில் போடணும். 5 தட்டு சேர்ந்தால் திரையில் ஒரு விளையாட்டு ஓடும், ஜெயித்தால் சின்ன பொம்மை விழும். குழந்தைகளோடு போகிறவர்கள் கணக்கு மீறிச் சாப்பிடுவது இங்கேதான்!

பில் எவ்வளவு வரும்? ரொம்ப காலம் 'ஒரு தட்டு 100 யென்' என்பதுதான் இந்தக் கடைகளின் அடையாளம். 2022 அக்டோபரில் சுஷிரோ தன் குறைந்தபட்சத் தட்டின் விலையை வரியோடு 110 யென்னில் இருந்து 120 யென்னாக உயர்த்தியது. குரா சுஷியும் அதே மாதம் விலையை ஏற்றியது. ஊரையும் கடை இருக்கும் இடத்தையும் பொறுத்து விலை மாறும். ஒரு யென் என்பது அரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். 120 யென் தட்டு பத்து சாப்பிட்டால் 1,200 யென். நம்ம கணக்கில் சுமார் 700 ரூபாய். ஆனால் எல்லாத் தட்டும் அந்த விலை கிடையாது. தட்டின் நிறத்தையோ திரையில் உள்ள விலையையோ பார்த்து எடுங்க.

இங்கே ஒரு செய்தியையும் சொல்லியாகணும். 2023 ஜனவரியில், கிஃபு நகரில் உள்ள ஒரு சுஷிரோ கிளையில் ஒரு சிறுவன் சோயா சாஸ் பாட்டிலை நக்கி, நகரும் சுஷியை எச்சில் விரலால் தொடும் வீடியோ வைரலானது. நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. சிறுவன் மீது இழப்பீடு கேட்டு வழக்கு தொடரப்பட்டு, பிறகு சமரசத்தில் முடிந்தது. அதன் பிறகு பல கடைகள் பொதுவாகச் சுழலவிடுவதைக் குறைத்து, ஆர்டர் செய்தால் மட்டும் தட்டை அனுப்பும் முறைக்கு மாறின. பக்கத்து மேசைக்காரரை நம்பித்தான் இந்தத் தொழிலே ஓடியது என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. சுத்தம் பற்றி யோசனை இருந்தால், பெல்ட்டில் வருவதை எடுக்காமல் திரையில் ஆர்டர் பண்ணிச் சாப்பிடலாம்.

ரெண்டாவது படி: தெருமுனைக் கடை

ரயில் நிலையத்தைச் சுற்றி, சந்தைப் பக்கம், குடியிருப்புப் பகுதிகளில் இருக்கும் சின்னக் கடைகள். சிலவற்றில் நாற்காலியே இருக்காது, நின்றபடி சாப்பிடணும். எடோ காலத்து வழக்கத்தின் தொடர்ச்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஆர்டர் பண்ண ரெண்டு வழி. ஒன்று 'ஒகிமாரி', அதாவது செட் சாப்பாடு மாதிரி. 'நமி' என்றால் சாதாரணம், 'ஜோ' என்றால் உயர்ந்தது, 'டோகுஜோ' என்றால் அதைவிட உயர்ந்தது. எத்தனை துண்டு, என்ன விலை என்பது முன்னாடியே தெரிந்துவிடும். இன்னொன்று 'ஒகோனோமி', அதாவது உங்களுக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவது. இதில் பில் எங்கே போய் நிற்கும் என்று கடைசியில்தான் தெரியும். புதுசாகப் போகிறவர்களுக்கு மதிய நேர செட் தான் லாபம். அதே கடை, அதே கை, இரவைவிடக் குறைந்த விலை.

டோக்கியோவின் புகழ்பெற்ற சுகிஜி மொத்த மீன் சந்தை 2018 அக்டோபரில் டொயோசுவுக்கு மாறியது. சந்தைக்குள் காலையிலேயே சுஷி கிடைக்கும். சுகிஜியில் வெளிச்சந்தைக் கடைகள் இன்னும் இயங்குகின்றன. ஒரு விஷயம்: மொத்தச் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமையும், பல வாரங்களில் புதன்கிழமையும் விடுமுறை. நாள் பார்க்காமல் விடியற்காலையில் எழுந்து போனால் பூட்டைத்தான் பார்த்துவிட்டு வரணும்.

மூணாவது படி: ஒமகாசே

'உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டேன்' என்பதுதான் இந்தச் சொல்லின் பொருள். மெனு கிடையாது. எட்டு, பத்து பேர் உட்காரும் மர மேடை. எதிரே சமையல்காரர். அன்று கிடைத்த மீனில் எது நன்றாக இருக்கிறதோ அதை, அவர் நினைக்கும் வரிசையில் ஒவ்வொன்றாகப் பிடித்து வைப்பார். டோக்கியோவின் கின்சா பகுதியில் ஒருவருக்கு 30,000 யென்னைத் தாண்டும் கடைகள் சாதாரணம்.

இந்த உலகத்தின் பெரிய பெயர் ஜிரோ ஓனோ. கின்சா சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டிய அடித்தளத்தில் 10 இருக்கைகள் மட்டுமே உள்ள கடை அவருடையது. 2011-ல் வந்த ஆவணப்படம் அவரை உலகத்துக்குத் தெரிய வைத்தது. 2014-ல் அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவை, ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே அழைத்துப் போனதும் இங்கேதான். ஆனால் 2019 நவம்பரில் மிஷலின் வழிகாட்டியில் இருந்து இந்தக் கடை நீக்கப்பட்டது. காரணம் சுவை இல்லை. பொதுமக்கள் சாதாரணமாக முன்பதிவு செய்ய முடியாத கடையைப் பட்டியலில் வைக்க முடியாது என்று மிஷலின் சொன்னது. இங்கே இடம் பிடிக்க, பழகிய வாடிக்கையாளர் சிபாரிசோ பெரிய ஹோட்டலின் உதவியோ தேவைப்பட்டது.

ஒமகாசே கடைக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருப்பது பெரிய தப்பு. பத்து இருக்கையில் ரெண்டு காலியானால் அன்றைய வியாபாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு காலி. உங்களுக்காக வாங்கிய மீனும் வீண். அதனால்தான் பல கடைகள் முன்கூட்டியே கார்டு விவரம் கேட்கின்றன. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுப் பணத்தையும் எடுத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. விதிமுறையைப் படித்துவிட்டு 'ஓகே' கொடுங்க.

நல்ல கடை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாக் கடையிலும் விலை உயர்ந்த மீன் நன்றாகத்தான் இருக்கும். கடையின் கைத்திறன் தெரிவது மலிவான பொருளில். ஒவ்வொரு கடையிலும் அதே நாலு பொருளைச் சாப்பிட்டு ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் தானாகவே பிடிபடும்.

1. சோறு. ஜப்பானிய சுஷி மொழியில் இதற்குப் பெயர் 'ஷாரி'. ஃப்ரிட்ஜில் இருந்து வந்த மாதிரி சில்லென்று இருக்கக் கூடாது. உடம்புச் சூடு இருக்கணும். கையில் எடுக்கும்போது உதிரக் கூடாது, வாயில் போட்டதும் உதிரணும். சில கடைகளில் சோறு லேசான பழுப்பு நிறத்தில் இருக்கும். கெட்டுப்போனது இல்லை. சாகே மதுவின் சக்கையில் இருந்து தயாரிக்கும் சிவப்பு வினிகர் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

2. முட்டை. 'டமாகோ' என்று கேளுங்க. சில கடைகளில் ஆம்லெட் போல அடுக்கடுக்காக இருக்கும், சில கடைகளில் இறால் விழுது சேர்த்து கேக் மாதிரி செய்வார்கள்.

3. கொஹாடா. நம்ம மத்திக்குத் தூரத்து உறவு மாதிரியான சின்ன மீன். உப்பிலும் வினிகரிலும் ஊற வைத்துத்தான் கொடுப்பார்கள். எவ்வளவு நேரம் ஊற வைப்பது என்பதில்தான் ஒவ்வொரு கடையின் ரகசியமும் இருக்கிறது. டோக்கியோவில் கடையை எடை போட நினைப்பவர்கள் கேட்பது இதைத்தான்.

4. அகாமி. சூரை மீனின் கொழுப்பில்லாத சிவப்புச் சதை. வயிற்றுப் பக்கம் உள்ள கொழுப்பு கூடிய சதை 'டோரோ'. அதிலும் நடுத்தரம் 'சூடோரோ', உச்சம் 'ஓடோரோ'. இன்றைக்கு ஓடோரோவுக்குத்தான் விலை அதிகம். குளிர்பதன வசதி வருவதற்கு முன்பு அதுதான் சீக்கிரம் கெட்டுப்போகும் பகுதி. எடோ காலத்தில் பூனையே தாண்டிப் போகும் என்று கிண்டல் பண்ணித் தூக்கிப் போட்டார்கள்.

சாப்பிடும் வரிசைக்கும் ஒரு கணக்கு உண்டு. வெள்ளை நிற மென்மையான மீனில் தொடங்கி, கொழுப்பு கூடிய மீனுக்குப் போய், சுருளிலும் முட்டையிலும் முடிப்பது வழக்கம். முதலிலேயே கொழுப்பு மீனைச் சாப்பிட்டால் அப்புறம் மென்மையான மீனின் ருசி தெரியாது. இடையிடையே கொடுக்கும் ஊறுகாய் இஞ்சி, அதாவது 'காரி', நாக்கைத் துடைத்து அடுத்த துண்டுக்குத் தயார்படுத்தத்தான். சுஷி மேலே வைத்துச் சாப்பிட இல்லை.

பச்சை மீன் பாதுகாப்பானதா?

முழு ஆபத்தும் இல்லை, ஆபத்தே இல்லை என்றும் இல்லை. விவரம் தெரிந்து சாப்பிடணும்.

முக்கியமான பிரச்சினை அனிசாக்கிஸ் என்ற புழு. கானாங்கெளுத்தி வகை, கணவாய், காட்டு சால்மன் போன்ற கடல் உயிர்களில் இருக்கலாம். உயிரோடு வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்தில் தாங்க முடியாத வயிற்று வலி, வாந்தி வரும். மருத்துவர்கள் எண்டோஸ்கோபி மூலம் புழுவை எடுப்பார்கள்.

வினிகரில் ஊற வைத்தால், வசாபி தடவினால், சோயா சாஸ் தொட்டால் புழு செத்துவிடும் என்று நினைப்பது தவறு. நன்றாக வேகவைப்பதும் உறைய வைப்பதும்தான் வழி. மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரத்துக்கு மேல் உறைய வைக்கணும் என்பது ஜப்பான் சுகாதார அமைச்சகத்தின் அறிவுரை. அமெரிக்காவில் அதே வெப்பநிலைக்கு 7 நாள் என்று விதி இருக்கிறது. அதனால் "உறைய வைத்த மீன்" என்று கடைக்காரர் சொன்னால் முகம் சுளிக்காதீங்க. பல நேரங்களில் அதுதான் பாதுகாப்பு.

சால்மன் கதை இதற்கு நல்ல உதாரணம். இன்று சுழலும் சுஷி கடைகளில் சூப்பர் ஹிட் அதுதான். ஆனால் பசிபிக் கடலில் பிடிபடும் சால்மனில் புழு பயம் இருந்ததால் ஜப்பானியர்கள் பரம்பரையாக அதைப் பச்சையாகச் சாப்பிட்டதில்லை, சுட்டுத்தான் சாப்பிட்டார்கள். 1980-களில் நார்வே தன் பண்ணை சால்மனை விற்க ஜப்பானில் பெரிய பிரசாரம் நடத்தியது. தீவனம் கொடுத்து வளர்க்கும் மீன் என்பதால் புழு ஆபத்து மிகக் குறைவு என்று எடுத்துச் சொன்னது. நம்ப வைக்க வருடங்கள் ஆயின. 'பாரம்பரிய ஜப்பானிய சுஷி' என்று நாம் நினைக்கும் சால்மன் நிகிரிக்கு வயது 40 வருடம்தான்.

இன்னொரு பிரச்சினை, குளிர்பதனம். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் சரியான குளிரில் இல்லாவிட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். முகம் சிவந்து, தடித்து, தலைவலி வரும். ஒருமுறை உருவாகிவிட்டால் சமைத்தாலும் போகாது.

யார் பச்சை மீனைத் தவிர்க்கணும்? கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். கர்ப்பிணிகள் பெரிய சூரை மீனைச் சமைத்துச் சாப்பிடும்போதும் அளவைக் கவனிக்கணும். அதில் பாதரசம் அதிகம். இவர்களுக்கும் வெந்த இறால், முட்டை, வெள்ளரி சுருள் என்று தட்டு காலியாகாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கு.

நம்ம ஊரில் சாப்பிடுறவங்க, "பச்சையாகக் கொடுக்கும் மீன் உறைய வைத்ததா? எந்தக் கிழமை வருது?" என்று ரெண்டே கேள்வி கேளுங்க. நல்ல கடை கோபப்படாமல் பதில் சொல்லும். அதேபோல மார்க்கெட்டில் வாங்கிய மீனை வீட்டில் பச்சையாக வெட்டி சுஷி பண்ணிப் பார்க்க வேண்டாம். குழம்புக்கு வாங்கும் மீனும், பச்சையாகச் சாப்பிட கையாளும் மீனும் வேறு வேறு. மீன் 'ஃப்ரெஷ்' என்பதும் புழு இல்லை என்பதும் ஒன்றில்லை.

சைவம் சாப்பிடுறவங்க போகலாமா?

போகலாம், ஆனால் உஷாராக இருக்கணும். வெள்ளரிக்காய் சுருளுக்கு 'கப்பா மகி' என்று பெயர். ஊறுகாய் முள்ளங்கி சுருள், புளிக்க வைத்த சோயாபீன்ஸான நாட்டோ சுருள் ஆகியவையும் பல கடைகளில் கிடைக்கும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், கண்ணுக்குத் தெரியாத மீனில். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் 'டாஷி' என்ற சாறு. நம்ம மாசிக் கருவாடு மாதிரி, சூரை மீனை வேகவைத்துப் புகையில் காய வைத்த கட்சுவோபுஷியில் இருந்து பெரும்பாலும் இது எடுக்கப்படும். முட்டை, இனாரியின் டோஃபு பை, இனிப்பாக வேகவைத்த சுரைக்காய்ப் பட்டைச் சுருள், மிசோ சூப் எல்லாவற்றிலும் டாஷி இருக்க வாய்ப்பு அதிகம். பார்க்கச் சைவமாக இருக்கும், ஆனால் சைவம் இல்லை. கண்டிப்பான சைவர்கள் கேட்டுத்தான் சாப்பிடணும்.

மது கலந்ததைத் தவிர்ப்பவர்களும் கவனிக்கணும். சமையலில் 'மிரின்' என்ற இனிப்பு அரிசி மதுவும் சாகேயும் சேர்ப்பது வழக்கம். விலாங்கு மீன் மேல் தடவும் சாஸிலும், மீன் மேல் பூசும் சோயா கலவையிலும் இருக்கலாம். ஒமகாசேவுக்கு முன்பதிவு செய்யும்போதே ஒவ்வாமையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் எழுதிவிடுங்க. உட்கார்ந்த பிறகு சொன்னால் அவருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்.

எப்படிச் சாப்பிடணும்?

- நிகிரியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம். தப்பே இல்லை. குச்சி பிடிக்கத் தெரியாது என்ற பயம் இதோடு தீர்ந்தது.

- சோயா சாஸில் மீன் பக்கத்தைத் தொடணும். சோற்றைத் தோய்த்தால் உறிஞ்சிக்கொண்டு உதிர்ந்துவிடும், உப்பும் கரிக்கும்.

- ஒமகாசே கடையில் பெரும்பாலும் சமையல்காரரே சாஸ் பூசிக் கொடுப்பார். கூடுதலாகத் தொட வேண்டாம்.

- வைத்ததும் சாப்பிட்டுவிடணும். பத்து போட்டோ எடுப்பதற்குள் சோற்றின் சூடு போய்விடும். படம் எடுக்கலாமா என்று முதலில் கேளுங்க.

- வசாபி வேண்டாம் என்றால் 'சாபி நுகி' என்று சொன்னால் போதும். வசாபி கடுகுக் குடும்பத்துச் செடி. அதனால்தான் காரம் நாக்கைவிட மூக்கில் ஏறுகிறது. மலிவான கடைகளில் பச்சையாக வருவது பெரும்பாலும் குதிரை முள்ளங்கியில் நிறம் சேர்த்தது. அசல் வசாபியைத் துருவிய சில நிமிடங்களிலேயே மணம் குறையத் தொடங்கும்.

- குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீங்க. ஒருவர் குச்சியில் இருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றாதீங்க. ரெண்டுமே அங்கே இறுதிச் சடங்கோடு தொடர்புடையவை.

- சின்னக் கடைக்கு வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு போகாதீங்க. பக்கத்தில் இருப்பவருக்கு மீன் மணமே தெரியாமல் போய்விடும்.

- ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை.

கடலில் மீன் மிஞ்சுமா?

சுஷியை ரசிப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கு. 2019 ஜனவரியில் டொயோசு சந்தையின் புத்தாண்டு முதல் ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள ஒரே ஒரு நீலத்துடுப்பு சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. அதுவரை காணாத விலை. புத்தாண்டு ஏலத்தில் விலை ஏறுவது விளம்பரத்துக்காகவும்தான். ஆனால் அந்த மீன் மேல் எவ்வளவு பேர் கண் வைத்திருக்கிறார்கள் என்பதை அது காட்டும்.

இந்தக் கிராக்கியின் விலையைக் கடல்தான் கொடுத்தது. மீன்பிடியே இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு இருக்குமோ, அதில் சுமார் 2 சதவீதம் என்ற அளவுக்கு பசிபிக் நீலத்துடுப்பு சூரையின் இனப்பெருக்கத் தொகை 2010-ஐ ஒட்டிய வருடங்களில் குறைந்தது. பிறகு நாடுகள் சேர்ந்து பிடிக்கும் அளவுக்கு உச்சவரம்பு போட்டன. குறிப்பாகக் குஞ்சு மீன்களைப் பிடிப்பதைக் கட்டுப்படுத்தின. 2024-ல் வெளியான மதிப்பீட்டின்படி, 2022-ல் அது 23 சதவீதமாக மீண்டுவிட்டது. கட்டுப்பாடு வேலை செய்தது என்பதற்கு இது நம்பிக்கை தரும் கணக்கு.

ஜப்பானிய விலாங்கு கதை அப்படி இல்லை. 2014-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது 'அழியும் அபாயத்தில் உள்ள இனம்' ஆனது. பண்ணையில் வளர்ப்பதாகச் சொன்னாலும், குஞ்சுகளைக் காட்டு நீரில் இருந்து பிடித்துத்தான் வளர்க்கிறார்கள். தினமும் விலாங்கு சாப்பிடாமல் எப்போதாவது ஒருமுறை ருசிப்பது நல்லது. கொஹாடா, கானாங்கெளுத்தி, கணவாய் என்று மலிவான வகைகளையும் கேட்டுச் சாப்பிட்டால் பர்ஸும் தாங்கும்.

சரி, எங்கே தொடங்கலாம்?

முதல் நாள் சுழலும் சுஷி கடை. மதியம் 12 மணி கூட்டத்தைத் தவிர்த்து 2 மணிக்கு மேல் போங்க. வெந்த இறால், முட்டை, வெள்ளரி சுருளில் தொடங்குங்க. தைரியம் வந்தால் சால்மன், அப்புறம் அகாமி. பிடிக்கவில்லை என்றால் போனது ஒரு தட்டு விலை மட்டும்தான்.

அடுத்து தெருமுனைக் கடையில் மதிய செட். அதே முட்டை, அதே அகாமி இங்கே எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுங்க. சோற்றின் சூட்டைக் கவனிங்க.

இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரிய ஆரம்பித்துவிட்டது என்றால், அதற்குப் பிறகு ஒமகாசேவுக்குக் காசு சேர்க்கலாம். அங்கேயும் இரவுக்குப் பதில் மதியம் போனால் செலவு குறையும். வித்தியாசம் தெரியவில்லையா? அதுவும் நல்லதுதான். 120 யென் தட்டிலேயே சந்தோஷமாகச் சாப்பிட முடியும் என்றால், 30,000 யென் உங்கள் பையில் மிச்சம்.